காஃப்கா பெயரும் அணிலாடு முன்றிலும்

பிறந்தது மலேசியத் தோட்டத்தில். கையில் இருப்பதோ சிவப்பு அடையாள அட்டை. குடிமக்களுக்கான நீல அட்டை கேட்டுப் போனால் பிறப்புப் பத்திரம் எங்கே என்பார்கள். பத்திரம் எடுக்கப் போனால் பெற்றோரின் திருமணப் பதிவு வேண்டும். கோயிலில் தாலி கட்டி, அதோடு தோட்ட வேலைக்குத் திரும்பியவர்களிடம் பதிவு ஏது? நம் குடும்பங்கள் பல இப்படிச் சுற்றிச் சுற்றி ஓய்ந்திருக்கின்றன.

இந்த அலைச்சலை ஆங்கிலம் 'காஃப்காயெஸ்க்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் 1908 முதல் வேலை பார்த்தவர் ஃபிரான்ஸ் காஃப்கா. கோப்புகளின் உலகம் அவருக்கு அத்துப்படி. அவர் இறந்த மறு ஆண்டு, 1925இல், வெளிவந்த 'விசாரணை' நாவலின் நாயகனுக்குத் தன்மேல் உள்ள குற்றம் என்னவென்று கடைசிவரை தெரியாது. பீகாரின் மோதிஹாரியில் 1903இல் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் பெயரோ, குடிமக்களை ஓயாமல் வேவு பார்க்கும் ஆட்சிக்கு அடைமொழியாகிவிட்டது.

தமிழிலும் ஆசிரியர் பெயரிலிருந்து சொல் பிறந்திருக்கிறது. அகத்தியம், தொல்காப்பியம் என்று நூல்களுக்குப் பெயரானது. வள்ளுவம் என்று சிந்தனைக்கும் பெயரானது. ஆனால் என் மனம் நிற்பது வேறிடத்தில். இயற்பெயர் கிடைக்காத சங்கப் புலவர்களுக்கு, அவர்கள் பாட்டில் வந்த தொடரையே பெயராகச் சூட்டினார்கள் நம் முன்னோர். செம்புலப்பெயல்நீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார், அணிலாடு முன்றிலார். ஆங்கிலத்தில் ஆளின் பெயர் அனுபவத்துக்குப் போகிறது; இங்கே அனுபவம் ஆளுக்குப் பெயராகிறது.

காதலன் பிரிந்தால் தன் நிலை, ஆட்கள் விட்டுப்போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைப் போன்றது என்கிறாள் குறுந்தொகைத் தலைவி. ஜொகூரின் சிகாமட்டிலும் குளுவாங்கிலும் கூலாயிலும் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது காலியான லயத்து வீடுகளை எண்ணிப் பாருங்கள். 'அணிலாடு முன்றில்' என்பதைவிடப் பொருத்தமான அடைமொழி அவற்றுக்கு எந்த மொழியில் இருக்கிறது? நம் மேடைகளிலும் செய்திகளிலும் இந்தத் தொடர் தாராளமாகப் புழங்கலாமே.

இந்த மண்ணின் எழுத்தாளர்களுக்கும், பெயரே சொல்லாகும் அந்த இடம் வரவேண்டும். ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலிலும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' நாவலிலும் பதிவு செய்தார்கள். ஜொகூர் இடைநிலைப் பள்ளிகளில் தமிழ் இலக்கியம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இந்த இரண்டையும் முழுதாகப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. மனிதரை எண்ணிக்கையாக மட்டும் பார்க்கும் கொடுமையை வருணிக்க, அவர்கள் நாளை ரெங்கசாமியின் பெயரையே எடுத்தாளட்டும்.