அப்பாவி வேறு, நிரபராதி வேறு!

நம் வீடுகளில் தமிழாகவே ஆகிவிட்ட ஆங்கிலச் சொற்களில் 'இன்னொசென்ட்' ஒன்று. "பையன் ரொம்ப இன்னொசென்ட்" என்று வரன் பேசும் இடத்திலும் சொல்கிறோம். "பாவம், அவர் இன்னொசென்ட், வீணாக மாட்டிக்கொண்டார்" என்று செய்தி பார்க்கும்போதும் சொல்கிறோம். தில்லியிலேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகள், "இதற்குத் தமிழில் என்ன?" என்று கேட்டால், 'அப்பாவி' என்று சட்டெனச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்குகிற சமாசாரமா இது?

ஊருக்கு ஊர் ஒரு சொல்

மதுரைப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் 'வெள்ளந்தி' என்பார்கள். வெள்ளை மனசு என்று நாம் சொல்வதன் சாயல் அதில் இருக்கிறது. யாருக்கும் தீங்கு நினைக்காதவரை 'அப்பிராணி' என்பார்கள். எதிர்த்துப் பேசத் தெரியாதவர் 'வாயில்லாப் பூச்சி'. எவரையும் எளிதில் நம்பிவிடுகிறவர் 'வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிறவர்'. தந்திரம் தெரியாதவர் 'சூதுவாது அறியாதவர்'. குழந்தையானால் 'பால்மணம் மாறாதது', 'பச்சை மண்'. நடிப்பு அப்பாவிகளுக்கும் நம்மிடம் இடம் உண்டு. "இந்தப் பூனையும் பால் குடிக்குமா?" என்று ஒரே வரியில் அவர்கள் முகத்திரையைக் கிழித்துவிடுவோம்.

'அப்பாவி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே ஓர் எழுத்து சேர்ந்தால் 'அடப்பாவி' ஆகிவிடுகிறது! தமிழில் 'பாவம்' என்றால் செய்யக்கூடாத செயல். அதே சொல்லை, "பாவம், சாப்பிடாமல் வந்திருக்கிறார்" என்று இரக்கத்துக்கும் வைத்துக்கொள்கிறோம். மலையாளிகள் இன்னும் ஒருபடி மேலே போய், "அவர் ஒரு பாவம்" என்றே சொல்வார்கள். சாதுவான மனிதர் என்று பொருள். புதிதாகக் கேட்கும் தமிழர் திகைத்துத்தான் போவார்.

பாராட்டா, ஏளனமா?

இந்தச் சொற்களில் ஒரு வேடிக்கை உண்டு. பாராட்டாகத் தொடங்குவது பல நேரம் ஏளனமாக முடியும். பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவது 'பேதை'. ஐந்து முதல் ஏழு வயது வரை உள்ள சிறுமி. அதே சொல் திருக்குறளின் 84ஆம் அதிகாரமான 'பேதைமை'யில் அறிவின்மையைக் குறிக்கிறது. பெண்ணுக்கு அழகு என்று சொல்லப்பட்ட நான்கு குணங்களில் ஒன்று 'மடம்'. ஆனால் 'மடமை' என்றால் முட்டாள்தனம். பெண்ணிடம் எதை அழகு என்று கொண்டாடினார்கள் என்று நம் பெண்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

'வெகுளி' இன்னும் விசித்திரம். இன்று வெகுளி என்றால் கபடமறியாதவர். பழைய நூல்களிலோ வெகுளி என்றால் கோபம்! திருக்குறளின் 31ஆம் அதிகாரம் 'வெகுளாமை', அதாவது கோபம் கொள்ளாமை. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளிலும் வெகுளி ஒன்று.

ஆங்கிலமும் இதற்கு விலக்கல்ல. இன்று அசட்டுத்தனத்தைக் குறிக்கும் 'சில்லி' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'ஆசி பெற்றவர்' என்று பொருள். பிறகு அது 'கள்ளமற்றவர்' ஆகி, கடைசியில் 'அசடு' ஆயிற்று. 'இன்னொசென்ட்' லத்தீன் மொழியிலிருந்து வந்தது. தீங்கு செய்யாதவர் என்பது அதன் மூலப்பொருள்.

பக்கத்து வீட்டு மொழிகள்

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு சௌகரியம், அக்கம்பக்கத்து மொழிகள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இந்தியில் 'மாசூம்' என்கிறார்கள். 1983இல் வந்த சேகர் கபூரின் படம் அந்தச் சொல்லை எல்லோருக்கும் அறிமுகமாக்கியது. அது அரபுச் சொல். பாவத்திலிருந்து காக்கப்பட்டவர் என்று பொருள். 'பேசாரா' பாரசீகம், 'வழியற்றவர்' என்று பொருள். சூதறியாதவர் 'போலா'. குற்றம் செய்யாதவர் 'பேகசூர்', 'நிர்தோஷ்'. தெலுங்கர்களின் 'அமாயகுடு' மாயம் இல்லாதவர்.

கவனித்தீர்களா? 'போலா' வேறு, 'பேகசூர்' வேறு. முதலாவது சுபாவம், இரண்டாவது தீர்ப்பு. தமிழிலும் அப்படியே. அப்பாவி என்பது சுபாவம். நிரபராதி, குற்றமற்றவர் என்பவை தீர்ப்பு. (அபராதம் என்றால் வடமொழியில் குற்றம். நாம் அதைப் பணம் கட்டும் தண்டனையாக மாற்றிக்கொண்டோம்!)

ஒரு வளையல் விவகாரம்

இந்த வேற்றுமை ஏட்டுப் படிப்பு அல்ல என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பில் கண்டேன். ஒரு வீட்டில் தங்க வளையல் காணாமல் போயிற்று. சந்தேகம், வழக்கம்போல, வேலை செய்ய வந்த பெண்மேல் விழுந்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

நல்ல மனம் கொண்ட ஓர் அம்மாள், "விட்டுவிடுங்கள், இவள் போலி, ஒன்றும் தெரியாதவள்" என்று இந்தியில் பரிந்து பேசினார். கூட்டம் இளகியது. ஆனால் அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அம்மா, நான் ஒண்ணும் தெரியாதவ இல்லை. நாலு வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியும். பாவம்னு விட வேணாம். நான் எடுக்கலை. அதைச் சொல்லுங்க, போதும்" என்றாள்.

அதையே சொன்னேன். "இவள் போலி என்பதற்காக அல்ல, இவள் எடுத்தாள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதற்காக விடுங்கள். இவள் பேகசூர்" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கலைந்தார்கள். வளையல் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனாலும் மற்ற மூன்று வீடுகளில் அவள் வேலை நிலைத்தது. பரிதாபத்தின் பேரில் விட்டிருந்தால், 'திருடி, போகட்டும் என்று மன்னித்தோம்' என்ற பேச்சு அவள் பின்னாலேயே வந்திருக்கும்.

நமக்கு இது புதிய பாடமும் அல்ல. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் நின்ற கண்ணகி, "என் கணவன் அப்பாவி, இரக்கம் காட்டியிருக்கக் கூடாதா?" என்று அழவில்லை. கோவலன் வாழ்க்கையில் தவறே செய்யாதவனும் அல்ல. ஆனால் அந்தச் சிலம்பை அவன் திருடவில்லை. அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டினாள், வழக்கு முடிந்தது. ஒருவர் எல்லா வகையிலும் உத்தமராக இருந்தால்தான் ஒரு குற்றச்சாட்டில் நிரபராதி ஆக முடியும் என்பதில்லை.

எனவே, அடுத்த முறை பிள்ளைகள் 'இன்னொசென்ட்'டுக்குத் தமிழ் கேட்டால், "எந்த இன்னொசென்ட்?" என்று திருப்பிக் கேளுங்கள். கள்ளமற்ற மனமா, அறியாமையா, செய்யாத குற்றமா என்று அவர்களே பிரித்துப் பார்க்கட்டும். சொல்லைச் சரியாகப் பிரிக்கத் தெரிந்த பிள்ளை, மனிதரையும் சரியாக எடைபோடும்.

உங்கள் ஊரில், உங்கள் பாட்டி வழக்கில் இதற்கு வேறு சொல் இருந்தால் நம் இதழுக்கு எழுதி அனுப்புங்களேன். வெள்ளந்தியாகக் கேட்கிறேன்!