நாலு கட்டமும் ஒரு நிசப்தமும்

சித்திரக்கதை வரைகிறவருக்கு வாய்த்திருக்கும் பெரிய சௌகரியம், ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே வெறுமையாகக் கிடக்கும் விரற்கடை வெள்ளை இடம். முதற் கட்டத்தில் ஒரு பையன் கேள்வி கேட்பான்; இரண்டாவதில் கேட்கப்பட்டவள் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள்; மூன்றாவதிலும் அப்படியே; நாலாவதில்தான் பதில் வரும். அந்த இடுக்குகளில் வாசகர் தாமே மூச்சு விட்டு, தாமே யோசித்து, தாமே சிரித்துக்கொள்கிறார். தொலைக்காட்சிக்கோ, கால் நிமிஷம் ஓசை அடங்கினாலும் பார்ப்பவர் எழுந்து போய்விடுவாரோ என்ற பயம் பிறவிக் குணம். இப்படி ஒன்றுக்கொன்று சுபாவத்திலேயே ஒவ்வாத இரண்டு கலைகளுள், பத்திரிகைச் சித்திரக்கதை ஒன்று தொலைக்காட்சிக்குள் புகுந்து, அதன் சரித்திரத்தில் மறக்க முடியாத சில நிமிஷங்களை உண்டாக்கிவிட்டுப் போயிற்று என்றால் கொஞ்சம் ஆச்சரியப்பட வேண்டிய சமாசாரம்தான்.

அந்தச் சித்திரக்கதையின் பெயர் ‘பீனட்ஸ்’. வரைந்தவர் சார்ல்ஸ் ஷூல்ஸ் என்ற அமெரிக்கர். 1950ஆம் வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி ஏழே ஏழு பத்திரிகைகளில் தொடங்கிய அந்தக் கதைக்கு வேர்க்கடலை என்று பெயர் சூட்டியவர்கள் அதை விநியோகித்த கம்பெனிக்காரர்கள். ஷூல்ஸுக்கு அந்தப் பெயர் கடைசி வரையில் பிடிக்கவேயில்லை. நாலு கட்டங்களும் ஒரே அளவு; ஆசிரியர் தம் பத்திரிகையில் இருக்கிற இடத்துக்குத் தக்கபடி அவற்றை வரிசையாகவோ, ஒன்றின்கீழ் ஒன்றாகவோ, சதுரமாகவோ அடுக்கிக்கொள்ளலாம் என்ற வியாபார யுக்தியே அதற்குக் காரணம். ஆனால் அந்தச் சிக்கனத்திலிருந்தே ஷூல்ஸ் ஒரு பாணியை வகுத்துக்கொண்டார். பட்டம் விட்டால் மரத்தில் சிக்கும், பந்தாட்டத்துக்குப் போனால் தோல்விதான் என்று வாழும் சார்லி பிரவுன், எந்நேரமும் ஒரு போர்வையைக் கட்டிக்கொண்டு திரியும் லைனஸ், தன்னை நாயென்றே ஒப்புக்கொள்ளாத ஸ்நூப்பி என்ற நாய் ஆகியோரே அதன் பாத்திரங்கள். பெரியவர்கள் யாரும் கண்ணில் படுவதில்லை. ஏறக்குறைய ஐம்பது வருஷம், 17,897 நாள் கதைகளை, உதவியாளரை அண்டவிடாமல் அவர் தம் கையாலேயே வரைந்து தீர்த்தார்.

1965இல் கோக்கோ-கோலா கம்பெனியார் கிறிஸ்துமஸுக்கு அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்று வேண்டுமென்று கேட்க, தயாரிப்பாளர் லீ மெண்டல்சன், சித்திரங்களுக்கு உயிரூட்டும் பில் மெலெண்டஸ், ஷூல்ஸ் ஆகிய மூவரும் ஆறு மாதத்துக்குள் அதைச் செய்து முடிக்க வேண்டியதாயிற்று. காகிதத்தில் அழகாக இருந்த சார்லி பிரவுன், அசையத் தொடங்கியதும் சங்கடம் கொடுத்தான். தலை பூசணிக்காய், கைகளோ தலையின் உச்சியைத் தொடக்கூட எட்டாத அளவுக்குக் குட்டை! குரலுக்கு நிஜமான குழந்தைகளையே பிடித்தார்கள். அவர்களுள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு வசனத்தையும் சொல்லிக்கொடுத்துச் சொல்லச் செய்து, பிறகு ஒட்டவைத்தார்கள். அக்காலத்து ஹாஸ்ய நிகழ்ச்சிகளில், எங்கே சிரிக்கவேண்டும் என்று நமக்கு அறிவிப்பதுபோலப் பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்ப்பது வழக்கம். ஷூல்ஸ் அதைத் திட்டவட்டமாக மறுத்துவிட்டார். குழந்தைகளின் கதைக்குப் பின்னணியாக வின்ஸ் குவரால்டியின் ஜாஸ் பியானோ ஒலித்தது.

எல்லாவற்றையும்விடத் துணிச்சலான காரியம் கதையின் முடிவுப் பகுதியில் இருக்கிறது. பள்ளிக்கூட நாடக ஒத்திகையில் எல்லாராலும் பரிகசிக்கப்பட்ட சார்லி பிரவுன், கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று யாருக்காவது தெரியுமா என்று கதறுகிறான். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு லைனஸ் வெற்று மேடையின் நடுவுக்கு மெல்ல நடந்து வருகிறான். விளக்கைக் குறைக்கச் சொல்கிறான். ஒரே ஒரு வட்ட ஒளி அவன்மேல் விழுகிறது. சங்கீதம் இல்லை. லூக்கா சுவிசேஷத்தில் மேய்ப்பர்களுக்குத் தேவதூதன் தோன்றும் பகுதியைப் பாடம் ஒப்பிக்கும் பிள்ளையின் குரலில் அவன் சொல்கிறான். பயப்படாதேயுங்கள் என்று தூதன் சொல்லுமிடம் வருகிறபோது, இத்தனை வருஷமும் யார் பிடுங்கினாலும் விடாத அந்தப் போர்வை அவன் கையிலிருந்து தானாக நழுவிக் கீழே விழுகிறது. சொல்லி முடித்ததும் குனிந்து அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். போர்வை விழுந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கவனித்தவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டியதுதான். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவிலிருந்த அந்த வெள்ளை இடத்தையே ஷூல்ஸ் இங்கே கொண்டுவந்து பரப்பியிருக்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

முன்கூட்டிப் பார்த்த சி.பி.எஸ். நிறுவனத்து அதிகாரிகளுக்கு அது துளியும் ரசிக்கவில்லை. மந்தமாக நகர்கிறது, சங்கீதம் பொருந்தவில்லை என்றார்கள். ஒளிபரப்பும் நாள் குறித்தாகிவிட்டதே என்பதனால்தான் விட்டார்கள். டிசம்பர் 9ஆம் தேதி இரவு, அமெரிக்காவில் அந்நேரம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அதைத்தான் பார்த்தார்கள். எம்மி பரிசும் பீபடி பரிசும் பின்னால் வந்தன. அதற்கப்புறம் அதே கூட்டத்தார் எடுத்த நிகழ்ச்சிகளில், கண்ணில் படாத வாத்தியாரம்மாள் பேசவேண்டி வந்தபோது, வார்த்தைக்குப் பதிலாக டிரொம்போன் என்ற ஊதுகுழலை ‘வா வா’ என்று முனகவிட்டார்கள். வகுப்பில் கனவு கண்டுகொண்டிருந்த எந்தப் பிள்ளைக்கும் வாத்தியார் குரல் அப்படித்தானே கேட்டிருக்கும்?

நாலு வருஷம் கழித்து அந்தச் சித்திரங்கள் பூமியையே விட்டுப் போயின. 1967இல் அப்போலோ கலம் ஒன்று தீப்பற்றி மூவர் இறந்த பிறகு, வேலையில் ஜாக்கிரதையை வற்புறுத்துவதற்கு நாசா ஸ்தாபனத்தார் ஸ்நூப்பியைச் சின்னமாக ஏற்றிருந்தார்கள். 1969 மே 18ஆம் தேதி அப்போலோ 10 புறப்பட்டபோது, தாய்க்கலத்துக்குச் சார்லி பிரவுன் என்றும், சந்திரனை நோக்கித் தாழ இறங்கும் கலத்துக்கு ஸ்நூப்பி என்றும் வீரர்கள் பெயர் வைத்திருந்தார்கள். ராக்கெட்டை நோக்கி நடக்கையில், அலுவலகப் பெண் ஒருத்தி ஏந்தி நின்ற ஸ்நூப்பி பொம்மையின் மூக்கைத் தலைவர் ஸ்டாஃபர்ட் தட்டிவிட்டுப் போகும் புகைப்படம் பிரசித்தம். விண்வெளிக்கு முதன்முதலாகக் கலர் தொலைக்காட்சிக் காமிரா போனதும் அந்தப் பிரயாணத்தில்தான். வீரர்கள் அதன்முன் சார்லி பிரவுன், ஸ்நூப்பி படங்களைத் தூக்கிக் காட்ட, காலைப் பத்திரிகையின் மூலையில் பழகிய முகங்களை ஜனங்கள் ஆகாயத்திலிருந்து வந்த ஒளிபரப்பில் கண்டார்கள். ஷூல்ஸோ, மார்ச் மாதத்திலேயே தம் கட்டங்களில் ஸ்நூப்பியைச் சந்திரனில் இறக்கிவிட்டிருந்தார்! மேலதிகாரிகளுக்கு இந்தப் பெயர்கள் கௌரவக் குறைவாகப் பட்டபடியால், அடுத்த பயணத்துக்குக் கொஞ்சம் கம்பீரமான பெயர் வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்களாம்.

ஸ்நூப்பி கலம் சந்திரனுக்கு மேலே சுமார் 15 கிலோமீட்டர் வரை தாழ்ந்து, இறங்கவேண்டிய இடத்தை நோட்டம் பார்த்துவிட்டுத் திரும்பியது. வீரர்கள் தாய்க்கலத்துக்கு மாறியதும் அதன் மேற்பகுதியைக் கழற்றிச் சூரியனைச் சுற்றும் பாதையில் அனுப்பிவிட்டார்கள். லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் இன்று பார்வைக்கு வைத்திருப்பது சார்லி பிரவுன். ஒரு பட்டத்தைக்கூட ஒழுங்காக விடத் தெரியாத அந்தப் பையன் மூன்று பேரையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். நாய்தான் இன்னும் வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறது.