பிரியாவிடை வைபவங்களும் மேடையில் எழாத வினாவும்

க.பொ.த. உயர்தர வகுப்பினர் பாடசாலையை விட்டு நீங்கும் காலம் நெருங்கும்போது நமது பாடசாலைகள் பெரும்பாலானவற்றில் ஏறக்குறைய ஒரே காட்சியே அரங்கேறுகின்றது. பன்னிரண்டாந் தரத்து மாணவர் தமக்குள் பணம் சேர்த்துப் பிரதான மண்டபத்தை அலங்கரிக்கின்றனர். மங்கல விளக்கு ஏற்றப்படுகின்றது. அதிபரும் பகுதித் தலைவரும் உரையாற்றுகின்றனர். விடைபெற்றுச் செல்லும் பதின்மூன்றாந் தரத்தினர் சார்பில் சிரேஷ்ட மாணவ முதல்வர் ஏற்புரை நிகழ்த்துகின்றார். பாதியில் அவரது குரல் தழுதழுக்கின்றது. அதன் பின்னர் சிற்றுண்டி, பாடல், குழுப்படம். வெள்ளைச் சீருடையில் நண்பர்கள் ஒருவருக்கொருவர் மாக்கர் பேனாவினால் பெயர் எழுதிக்கொள்வதுடன் பதின்மூன்று வருடப் பாடசாலை வாழ்வு முடிவடைகின்றது.

'பிரியாவிடை' என்னும் சொல்லே சற்று விநோதமானது. பிரிந்து செல்வதற்காகக் கூடும் கூட்டத்துக்குப் பிரியாத விடை என்று பெயரிட்டிருக்கின்றோம். விடை என்பதற்கு விடைபெறுதல் என்ற பொருளும் உண்டு. வினாவுக்கு அளிக்கும் பதில் என்ற பொருளும் உண்டு. (எருது என்ற மூன்றாவது பொருளை இங்கு விட்டுவிடலாம்.) தவணைக்குத் தவணை விடைத்தாள்களை நிரப்பிப் பழகிய பிள்ளை, விடைபெறும் வேளையில்தான் புள்ளித் திட்டம் எதுவுமில்லாத வினாவொன்றை முதன்முதலாக எதிர்கொள்கின்றது. இனி நான் எதற்காக வாழப்போகின்றேன் என்பதே அவ்வினா. பிரியாவிடை மேடையில் அது கேட்கப்படுவதில்லை. மேடைக்கு வெளியே அது கேட்கப்படுகின்றது என்பதையும், அதைப் பெரியவர்கள் கவனிக்கத் தவறுவதால் நேரும் இழப்பையுமே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இந்த வைபவங்களுக்கு நம்மிடையே நீண்ட மரபு உண்டு. வடக்கின் பழைய கல்லூரிகளில் உயர்தர மாணவர் மன்றத்தின் வருடாந்த ஒன்றுகூடலும் விருந்தும் ஒரு தனிக் கலாசாரமாகவே வளர்ந்தன. அயற் பாடசாலைகளின் பிரதிநிதிகள் அழைக்கப்படுவர். வாழ்த்துரைகளும் பதிலுரைகளும் முறைப்படி இடம்பெறும். இளைஞர் பலர் சபையில் பேசப் பழகியது அங்கேதான். ஆங்கிலப் பாடசாலை முறை விட்டுச்சென்ற வழக்கம் அது எனினும், வேட்டியும் சேலையும் அணிந்து நமது பிள்ளைகள் அதனைத் தமதாக்கிக் கொண்டார்கள். அதைப் பழிப்பதற்கு எதுவுமில்லை.

ஆயினும் மாணவர் உள்ளத்தில் உண்மையில் என்ன ஓடுகின்றது என்பதை அறிய விரும்புவோர் மேடையை அன்றி ஓட்டோகிராப் ஏட்டையே புரட்டிப் பார்க்க வேண்டும். பெயர், முகவரி, பிடித்த பாடம், பிடித்த நடிகர், இலட்சியம் என்று கோடிட்டு நிரப்பிய பக்கங்களுக்கு அடியில் சில வரிகள் இருக்கும். வாழ்க்கையைப் புகையிரதப் பயணமாகவும் நட்பை அதன் சக பயணிகளாகவும் வர்ணிக்கும் வரிகள். சினிமாப் பாடல்களில் இரவல் வாங்கிய வரிகள். காதலைச் சொல்லாமற் சொல்லும் வரிகள். 2004ஆம் ஆண்டு சேரனின் 'ஆட்டோகிராஃப்' திரைப்படம் வெளிவந்த பின்னர் இந்த ஏடுகளுக்கு ஒரு புது மவுசு ஏற்பட்டது. இன்று அவற்றின் இடத்தை வட்ஸ்அப் குழுக்கள் பெருமளவுக்குப் பிடித்துவிட்டன. என்றாலும் எழுதப்படும் சங்கதி மாறவில்லை. உலகம் பெரிது, நான் சிறியவன், யார் என்னை நினைவில் வைத்திருப்பார், பெற்றோரின் கனவும் எனது விருப்பமும் ஒன்றல்லவே, இவ்வளவு படித்தது எதற்காக என்பனவே அவ்வரிகளின் சாரம். இரவல் சொற்களாக இருப்பதால் அவற்றின் பின்னாலுள்ள தவிப்பும் இரவல் என்று கொள்ளுதல் தவறு. பதினெட்டு வயதில் சொந்தச் சொற்கள் எல்லோருக்கும் கைகூடுவதில்லை.

உளவியலாளர் எரிக் எரிக்சன் 1968இல் வெளியிட்ட இளமையும் அடையாள நெருக்கடியும் பற்றிய நூலில் இதே பருவத்தையே பிரதானமாக எடுத்துக்கொண்டார். நான் யார், எந்த வேலைக்கு, எந்த நம்பிக்கைக்கு, எந்தச் சமூகத்துக்கு உரியவன் என்ற கேள்விகளைச் சோதித்துப் பார்க்க இளைஞருக்குச் சிறிது அவகாசம் தேவை என்பது அவரது கருத்து. அந்த அவகாசத்தைச் சமூகமே அவர்களுக்கு வழங்க வேண்டும் என்றும் அவர் கருதினார். நமது நாட்டில் உயர்தர மாணவர்களுக்கு அவகாசம் கிடைப்பது உண்மைதான். பரீட்சைக்கும் பெறுபேறுகளுக்கும் இடையே மாதங்கள், பெறுபேறுகளுக்கும் பல்கலைக்கழகப் பிரவேசத்துக்கும் இடையே மேலும் பல மாதங்கள் என்று அது நீள்கின்றது. ஆனால் அது சிந்திப்பதற்கென்று கொடுக்கப்பட்ட அவகாசம் அன்று. நிர்வாகத் தாமதத்தினால் விழுந்த வெற்றிடம்.

இத்தாமதம் அண்மைக் காலத்தில் மேலும் மோசமடைந்தது. 2019 வரை உயர்தரப் பரீட்சை ஓகஸ்ட் மாதத்தில் நடைபெறுவது வழக்கமாயிருந்தது. கொவிட் பெருந்தொற்றின் பின்னர் அந்தக் கால அட்டவணை குலைந்தது. 2021ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022இன் முற்பகுதியிலும், 2022க்குரியது 2023இன் முற்பகுதியிலும், 2023க்குரியது 2024 ஜனவரியிலும் நடைபெற்றன. 2024 நவம்பரில் ஆரம்பித்த பரீட்சை வெள்ளத்தினால் இடைநிறுத்தப்பட்டது. 2025 நவம்பரில் ஆரம்பித்த பரீட்சையோ டித்வா சூறாவளியினால் தடைப்பட்டு, எஞ்சிய வினாத்தாள்களுக்கு மாணவர் 2026 ஜனவரியிலேயே தோற்ற நேர்ந்தது. பிரியாவிடை பெற்ற பின்னரும் பிரிய முடியாமல், பாடசாலைக்கும் வெளியுலகுக்கும் நடுவே நின்ற பிள்ளைகள் இவர்கள்.

இனி மேடைக்கு வருவோம். பிரியாவிடை உரைகளில் நாம் கேட்பது பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான்: நீங்கள் வைத்தியர்களாக, பொறியியலாளர்களாக, கணக்காளர்களாக, சட்டத்தரணிகளாக இந்த மண்டபத்துக்குத் திரும்பி வரவேண்டும். நல்லெண்ணத்துடன் கூறப்படும் வாழ்த்து அது. அதன் கணக்கைச் சிறிது பார்ப்போம். ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் உயர்தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கின்றனர். அவர்களுள் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பல்கலைக்கழக அனுமதிக்கான அடிப்படைத் தகைமையைப் பெறுகின்றனர். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கே. தகைமை பெற்றவர்களிலேயே பெரும்பான்மையோர் வெளியில் நிற்கின்றனர். அவர்கள் சித்தியடைந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மருத்துவம், பொறியியல் ஆகிய இரு துறைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் தொகை மேலும் சுருங்கிவிடும். ஆகவே, வாழ்த்துரை நிகழ்த்துபவர் மண்டபத்தில் அமர்ந்திருக்கும் நூறு பேரில் மிகச் சிலருடன் மட்டுமே பேசிக்கொண்டிருக்கின்றார். ஏனையோர் கைதட்டுகின்றனர்.

கலைப் பிரிவில் பின்வரிசையில் இருக்கும் மாணவியையும், தந்தையின் கடையை நடத்தப்போகும் வர்த்தகப் பிரிவு மாணவனையும், பெறுபேறு வருமுன்னரே மலையகத்திலிருந்து கொழும்புக் கடையொன்றுக்கு வேலைக்குச் செல்லவிருக்கும் பையனையும், வெளிநாட்டிலுள்ள அண்ணன் அழைப்பான் என்று காத்திருப்பவனையும் அந்த உரை தொடுவதில்லை. இவர்களுடைய வாழ்க்கைக்கும் அர்த்தம் உண்டு என்று எவரும் மறுத்துரைப்பதில்லைதான். ஆனால் எவரும் எடுத்துரைப்பதுமில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை அந்த மௌனத்தைத் தனக்குரிய தீர்ப்பாகவே விளங்கிக்கொள்ளும்.

இதற்குப் பேச்சாளர்களை மாத்திரம் குறைகூறுவது பொருந்தாது. கலைத்திட்டத்திலேயே இந்த மௌனம் இருக்கின்றது. சாதாரண தரம் வரை சமய பாடம் கட்டாயமானது. நல்லது, தீயது, கடமை, மரணம் முதலியவற்றைப் பற்றிப் பிள்ளை ஏதோவொரு வகையில் கேள்விப்படுகின்றது. பதினாறு வயதுக்குப் பின்னர், சரியாக அத்தகைய சிந்தனை முளைவிடும் வேளையில், அக்கதவு மூடப்படுகின்றது. உயர்தரத்தில் மூன்று பிரதான பாடங்கள். கலைப் பிரிவினருக்கு இந்து நாகரிகம், கிறிஸ்தவ நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம், அளவையியலும் விஞ்ஞானமுறையும் போன்ற பாடங்கள் உண்டு. இரசாயனவியலும் பௌதிகவியலும் உயிரியலும் பயிலும் மாணவனுக்கோ இவற்றில் ஒன்றுமில்லை. மனித உடலை அவன் படிக்கின்றான். அவ்வுடலைக் கொண்டு எப்படி வாழ்வது என்று யோசிக்க அவனது நேரசூசியில் ஒரு பாடவேளைகூடக் கிடையாது. மாலையில் ரியூசன், இரவில் கடந்தகால வினாத்தாள்கள். இசட் புள்ளியின் மூன்றாவது, நான்காவது தசமதானம் கூட ஒருவரது இடத்தைத் தீர்மானிக்கும் போட்டியில் அவனைக் குற்றஞ்சாட்டவும் இயலாது.

வேறு நாடுகளில் எல்லாம் இப்படித்தானா என்றால், இல்லை. பிரான்ஸ் நாட்டில் உயர்நிலைப் பாடசாலையின் இறுதி வருடத்தில் மெய்யியல் கட்டாய பாடமாகும். விஞ்ஞானத்தில் நாட்டமுள்ளவரும் தொழினுட்பத் துறையினரும் கூட அதற்கு விலக்கல்லர். ஜூன் மாதத்தில் நடைபெறும் அப்பரீட்சை நான்கு மணித்தியாலம் கொண்டது. 2020 முதல் நடைமுறையிலுள்ள பாடத்திட்டத்தில் பொதுப் பிரிவினருக்குப் பதினேழு எண்ணக்கருக்கள் வகுக்கப்பட்டுள்ளன. மகிழ்ச்சி, கடமை, நீதி, சுதந்திரம், தொழில், காலம், உண்மை என்பன அவற்றுட் சில. பிரெஞ்சு மாணவர் யாவரும் ஞானிகளாகிவிடுகின்றனர் என்று கூற வரவில்லை. பலர் அப்பரீட்சையைச் சபித்துக்கொண்டே எழுதுகின்றனர் என்பதும் தெரிந்ததே. ஆனால் 'நீ சிந்திக்கும் இந்த விடயம் நாடு தழுவிய ஒரு பரீட்சைக்குரிய அளவு முக்கியமானது' என்று அங்கே அரசே கூறுகின்றது. இங்கே அது ஓட்டோகிராப் ஏட்டின் கடைசிப் பக்கத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றது.

நம்மைப் பொறுத்தவரை இன்னொன்றையும் மறக்கலாகாது. பிரியாவிடையே இல்லாமல் பாடசாலையைப் பிரிந்த தலைமுறைகள் நம்மிடையே உள்ளன. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோது வகுப்புகள் ஓரிரவில் கலைந்தன. 2009 ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சைக்குச் செட்டிகுளம் முகாம்களிலிருந்து தோற்றிய மாணவருக்கு மண்டபமும் இல்லை, குழுப்படமும் இல்லை. அருகில் இருந்து எழுதியிருக்க வேண்டிய நண்பர் சிலர் உயிருடனேயே இல்லை. வாழ்க்கையின் பொருள் என்ன என்ற வினா அவர்களுக்கு ஏட்டில் எழுதும் அலங்காரமாக இருக்கவில்லை. அவர்களுட் பலர் இன்று அதே பாடசாலைகளில் ஆசிரியர்களாகவும் பெற்றோராகவும் இருக்கின்றனர். தமது பிள்ளைகளிடம் அவர்கள் அதைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு.

நாசி வதை முகாம்களில் அடைபட்டு மீண்ட வியன்னா நகர உளமருத்துவர் விக்டர் ஃபிராங்கல், அவ்வனுபவத்தை 1946இல் நூலாக எழுதினார். வாழ்க்கையின் அர்த்தம் யாது என்று மனிதன் வாழ்க்கையிடம் கேட்பதை அவர் தலைகீழாக்கினார். கேட்பது வாழ்க்கை, பதிலளிக்க வேண்டியவன் மனிதன், பொறுப்பேற்றுச் செய்யும் செயலே அப்பதில் என்பது அவரது வாதத்தின் சாரம். செய்யும் பணியிலும், நேசிக்கும் மனிதரிலும், தவிர்க்க முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதத்திலும் அர்த்தம் காணப்படலாம் என்றார் அவர். இம்மூன்றில் எதற்கும் இசட் புள்ளி தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டம் பெறாதவரும் இவ்வினாவுக்கு முழு மதிப்பெண்ணுக்குரிய பதிலை வாழ்ந்து காட்ட இயலும்.

இதையொட்டி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டேமன் இளைஞரிடையே மேற்கொண்ட ஆய்வு பயனுள்ளது. 2008இல் வெளிவந்த அவரது நூலின்படி, தெளிவான நோக்கமொன்றைக் கண்டு அதற்காகச் செயற்படுவோர் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே. ஏனையோருட் பலர் கனவு மட்டும் கண்டனர். சிலர் பலவற்றைத் தொட்டுத் தொட்டு விட்டனர். நான்கில் ஒரு பங்கினர் எதிலும் ஈடுபாடின்றி இருந்தனர். அது அமெரிக்க நிலைமை. அப்படியே இங்கு பொருத்திவிட முடியாது. எனினும் அவர் கண்ட ஒன்று நமக்கும் உரியதாகத் தோன்றுகின்றது. நோக்கம் கண்ட இளைஞருக்குப் பெரும்பாலும் குடும்பத்துக்கு வெளியே, தமது நாட்டத்தைப் பொருட்படுத்திப் பேசிய பெரியவர் ஒருவர் வாய்த்திருந்தார். நமது மொழியில் கூறுவதானால், 'என்ன செய்யப்போகிறாய்' என்று விசாரித்ததோடு நில்லாமல் 'ஏன்' என்றும் கேட்டுவிட்டுப் பதிலைப் பொறுமையாகச் செவிமடுத்த ஒரு சேர், ஒரு மிஸ், ஒரு கடைக்காரர் ஐயா.

இதற்குப் பெருஞ் செலவில்லை. பிரியாவிடைக்குப் பிரதம விருந்தினராக ஆண்டுதோறும் வைத்திய நிபுணரையே தேட வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் கிடைக்காமல் போய், பின்னர் தாதியாகவோ மின்னியலாளராகவோ விவசாயியாகவோ தன் ஊரில் மதிப்புடன் வாழும் பழைய மாணவர் ஒருவரை ஒரு தடவை மேடையேற்றிப் பார்க்கலாம். ஏற்புரையை மாணவ முதல்வர் ஒருவரிடம் மாத்திரம் விடாமல், பின்வரிசையிலிருந்தும் இருவருக்கு ஐந்து நிமிடம் கொடுக்கலாம். ஆசிரியர் திருத்தி எழுதிக்கொடுத்த உரையாக அது இருத்தலாகாது.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது பெறுபேறு வெளிவரும் வாரம். அவ்வாரத்தில் மூன்று 'ஏ' பெற்றவர்களின் படங்கள் பாடசாலை மதிலில் பதாகையாகத் தொங்குகின்றன. ஏனையோரின் வீடுகளில் கதவுகள் சாத்தப்படுகின்றன. விரும்பத்தகாத செய்திகள் சிலவும் அந்நாட்களிலேயே நம்மை வந்தடைகின்றன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் உதவி பெறலாம் என்பதை எத்தனை பெற்றோர் அறிவர்? பாடசாலைக்கும் அப்பிள்ளைக்குமான உறவு சட்டப்படி பரீட்சையுடன் முடிந்துவிட்டது; ஆகவே அந்த வாரத்தில் அவனைத் தேடுவது எவருடைய கடமைப் பட்டியலிலும் இல்லை. பிரியாவிடை தினத்திலேயே வகுப்பாசிரியர் ஓர் அறிவித்தல் செய்துவிடலாம்: பெறுபேறு வெளியாகி வரும் இரண்டாவது சனிக்கிழமை காலை, சித்தியடைந்தோரும் அடையாதோரும் இதே வகுப்பறைக்கு வரவேண்டும், தேநீர் தரப்படும். வராதவர் வீட்டுக்கு அன்று மாலையே இருவர் சைக்கிளில் போய்வரலாம்.