படம் எடுத்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மலைப் படம் ஒன்றைக் காட்டி 'இது எங்கே?' என்று கேட்டால் சிலர் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். எப்படி? அவர்கள் முதலில் பார்ப்பது முகட்டுக் கோட்டை. மரம் வளரும், வீடு இடியும்; முகடு அப்படியே இருக்கும். ஆனால் கிட்டத்துப் பாறை தூரத்துச் சிகரத்தை மறைக்கும் விதம் நாலடி நகர்ந்தாலே மாறிவிடும். துப்பு அதுதான். எந்தப் பாறைக்கு நேர் பின்னால் எந்தச் சிகரம் என்று பார்த்து, வரைபடத்தில் இரண்டையும் கோடு போட்டு இணைத்து, பாறையைத் தாண்டி இந்தப் பக்கம் நீட்டினால், கேமரா அந்தக் கோட்டில்தான் இருந்திருக்கும். இன்னொரு ஜோடி கிடைத்தால், இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே இடம்.

இடம் தெரிந்து, படத்தில் நிலவும் இருந்தால் நேரமும் மாட்டும். நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த புகழ்பெற்ற நிலவுப் படத்துக்கு அவரே வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லிவந்தார். (கலைஞர்களிடம் தேதி கேட்கக் கூடாது!) டேவிட் எல்மோர் என்பவர் நிலவின் நிலையைக் கணக்கிட்டு 1941 அக்டோபர் 31 என்றார். படத்து நிலவோடு அது பொருந்தவில்லை என்று கண்ட டென்னிஸ் டி சிக்கோ என்பவர் மறுபடி கணக்கிட்டார். விடை: நவம்பர் 1, மாலை 4.49. எல்மோரும் ஒப்புக்கொண்டார்.

ஒரு எச்சரிக்கை: இடவலம் புரட்டிய படமென்றால் எந்த முகட்டுக் கோடும் பொருந்தாது. பெயர்ப்பலகை, வண்டி நம்பர் இருந்தால், எழுத்து திரும்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.