இகுவானாவுக்குச் சமைக்க வேண்டாம்!

நாய், பூனை, கிளி என்று இருந்த வீடுகளில் இப்போது இகுவானாவும் வந்து உட்கார்ந்துவிட்டது. "இது என்னம்மா, ஓணானா, உடும்பா?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஓணானுக்கு இது தூரத்து உறவுதான். மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரை மரக்கிளைகளில் வாழும் பிராணி. வாங்கும்போது கையளவு இருக்கும். வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஐந்தடியைக்கூடத் தாண்டும். சரியாகக் கவனித்தால் பதினைந்து, இருபது வருடம் வாழும்.

ஆசைப்பட்டு வாங்குவது பிள்ளைகள். சாப்பாடு போடுவது யார்? நாம்தான்! ஆகவே அதற்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

சுத்த சைவம்

ஓணான் பூச்சி பிடிப்பதைப் பார்த்துவிட்டு, இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இகுவானா இலை தின்னி. அதன் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. முன்பெல்லாம், சீக்கிரம் வளரட்டும் என்று முட்டை, இறைச்சி, நாய் பிஸ்கட் கொடுக்கச் சொன்னவர்கள் உண்டு. அப்படிக் கொடுத்தால் நாளடைவில் சிறுநீரகம் கெடும். யூரிக் அமிலம் மூட்டுகளில் போய்ச் சேரும். "பாவம், ஒரு வாய் தயிர்சாதம் கொடுத்தால் என்ன?" என்ற இரக்கமும் வேண்டாம். சோறு, பால், பிஸ்கட் எதுவும் அதற்கு ஆகாது.

எந்த இலை?

இலையில் சுண்ணாம்புச் சத்து அதிகமாகவும் பாஸ்பரஸ் குறைவாகவும் இருக்க வேண்டும். நம் முருங்கைக்கீரை அப்படிப்பட்டது. நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. செம்பருத்தி இலையும் பூவும் என்றால் இகுவானாவுக்குக் கொள்ளை ஆசை. மல்பெரி இலை, திராட்சை இலை, முள்ளங்கி இலை ஆகியவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம்.

பாலக், பசலை, தண்டுக்கீரை இவற்றில் ஆக்ஸாலிக் அமிலம் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. எப்போதாவது கொஞ்சம் கொடுத்தால் தவறில்லை, தினமும் கூடாது. முட்டைக்கோஸும் அளவோடுதான். அரளி, அவகாடோ பக்கமே போக வேண்டாம், இரண்டும் விஷம்.

பத்துப் பங்கில் எட்டுப் பங்கு இலை. மீதியில் பரங்கிக்காய், பீன்ஸ், துருவிய காரட். பப்பாளி, மாம்பழம் எல்லாம் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் பச்சையாகவே கொடுக்க வேண்டும். பூச்சிமருந்து போக நன்றாக அலசிப் பொடியாக நறுக்குங்கள். இகுவானா மென்று தின்னாது, அப்படியே விழுங்கிவிடும். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

வெயிலும் உணவுதான்

என்னதான் முருங்கை கொடுத்தாலும், வெயில் படாவிட்டால் வைட்டமின் டி உண்டாகாது. சுண்ணாம்புச் சத்தும் உடம்பில் ஒட்டாது. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலால் பயனில்லை. தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலையில் கம்பிவலைக் கூண்டில் நேர் வெயில் காட்டுங்கள். ஒரு மூலையில் நிழலும் இருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்துவிட்டால் உள்ளேயே வெந்துபோகும்! வெயிலுக்கு வழியில்லாத ஃப்ளாட் என்றால் புற ஊதா விளக்கு அவசியம். உடம்பு சூடேறினால்தான் ஜீரணமும் ஆகும். அதனால் வெயில் காய்ந்த பிறகு தீனி வையுங்கள். கால்சியம் பொடி எவ்வளவு தூவ வேண்டும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழுகொழு காலா?

"எங்கள் இகுவானாவுக்குத் தொடை எப்படித் திரண்டிருக்கிறது பாருங்கள்!" என்று பூரித்துப்போகாதீர்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு மெலியும்போது காலும் தாடையும் இப்படி வீங்குவது உண்டு. தாடை ரப்பர் மாதிரி வளைகிறதா? விரல்கள் நடுங்குகின்றனவா? வயிற்றைத் தூக்கி நடக்க முடியவில்லையா? நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஆரம்பத்திலேயே கவனித்தால் பிழைக்கவைக்க முடியும். வளைந்துபோன எலும்பு பிறகு நிமிராது.

கைக்குழந்தை இருக்கிறதா?

தாய்மார்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஆரோக்கியமாகத் தெரியும் இகுவானாவின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அதற்கு ஒன்றும் செய்யாத அந்தக் கிருமி, குழந்தைக்குக் கடும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஊர்வன வேண்டாம் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. ஏற்கெனவே இருந்தால், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதன் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். இலை நறுக்கத் தனிக் கத்தி, தனிப் பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சட்ட விஷயமும் உண்டு. வனவிலங்குச் சட்டத்தில் 2022-ல் வந்த திருத்தமும் 2024-ல் வந்த விதிகளும், இகுவானா போன்ற வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. வாங்கும் முன்பே ரசீதையும் மற்றக் காகிதங்களையும் கேட்டு வாங்குங்கள். வளர்க்க முடியவில்லை என்று தோப்பில் விட்டுவிடுவதும் கூடாது. ஃப்ளோரிடாவில் அப்படித் தப்பியும் விடப்பட்டும் பெருகியவை இன்று தோட்டங்களையும் கால்வாய்க் கரைகளையும் பாழாக்குகின்றன.

தினமும் ஒரு கூடை இலை, காலை வெயில், சுத்தமான கை. இவை மூன்றுக்கும் இருபது வருடம் நேரம் ஒதுக்க முடியுமா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். முடியும் என்றால் வாங்குங்கள்.