ராப்புக்குக் குத்துதான் துணை

ஆட்டப் பாட்டு என்று வந்துவிட்டால் சித்தூர் சீமையில் தமிழ், தெலுங்கு பேதமில்லை. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’, ‘பிரேமிகுடு’ வழியாகத் தெலுங்குக்கும் போனது. சுரேஷ் பீட்டர்ஸின் ராப்புக்குத் தோள் கொடுத்தது தேனி குஞ்சரம்மாளின் கிராமத்துக் குரல். இழுத்துச் சென்றவை பிரபுதேவாவின் கால்கள்.

ஏற்பாடு இன்றும் அதேதான். 2006 ஏலத்துக்குப் பின் திருப்பதிக்குத் தனியார் பண்பலை வந்தது. சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதியில்லை. விற்கும் சரக்கு பாட்டுதான். பாட்டு என்றால் சினிமா. மேல்நாட்டு வானொலியில் நடன இசையும் ஹிப்-ஹாப்பும் நேரத்துக்கு அடித்துக்கொள்ளும். இங்கே இரண்டும் ஒரே பேருந்தில். குத்துக்கு ஜன்னலோர இருக்கை. இரண்டு சரணங்களுக்கு நடுவே நான்கு வரியில் ராப் தொங்குகிறது.

படத்தில் இல்லாமலே வானொலியில் ஏறிய ராப்பும் உண்டு. 2011இல் ஹிப்ஹாப் தமிழா ஆதியின் ‘கிளப்புல மப்புல’ ஹலோ எஃப்.எம்.மில் ஒலித்துப் பரவியது (அது பெண்களைச் சாடியது வேறு கதை). ஆனால் ‘ஆம்பள’, தெலுங்கு ‘துருவா’ என ஆதியும் சினிமாவுக்கே இசையமைக்கப் போனார். சொந்தப் பாட்டுகளை யூடியூபில் ஏற்றி வந்த ஹைதராபாத்தின் ராகுல் சிப்லிகஞ்சை உலகம் கேட்டது, 2023இல் ஆஸ்கர் வாங்கிய ‘நாட்டு நாட்டு’ ஆட்டத்தில்தான்.

2024 ஆகஸ்டில் 234 ஊர்களுக்குப் புதிய பண்பலை அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பட்டியலில் சித்தூரும் உண்டு. தமிழும் தெலுங்கும் கலந்து ராப் எழுதும் உள்ளூர்ப் பையனுக்கு அதில் அரை மணி நேரம் கிடைக்குமா? விளம்பரதாரர் கேட்பதோ தெரிந்த பாட்டு.