சிறுக்கச் சிறுக்க வலுக்கும் ஊக்கி

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். திண்ம ஊக்கிக்கோ சிறுக்கச் சிறுக்கக் காரம் ஏறும். தாக்கத்தை விரைவுபடுத்தி, முடிவில் தான் மாறாது எஞ்சும் பொருளே ஊக்கி. திண்ம ஊக்கியின் வேலை அதன் மேற்பரப்பிலேயே நடக்கிறது. 1 சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனக்குற்றியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே 10 நனோமீற்றர் பக்கமுள்ள குற்றிகளாக்கினால் 600 சதுர மீற்றர்!

வெள்ளைப் பெயின்ற்றில் சேரும் தைத்தேனியமீரொட்சைட்டை எடுத்துக்கொள்வோம். அதை இவ்வளவு நுண்மையாக அரைப்பது கடினம். எனவே கரைசலிலிருந்தே கட்டியெழுப்புகிறார்கள். தைத்தேனியம் அடங்கிய சேர்வையொன்றை நீருடன் தாக்கமுறச் செய்ய, நுண்துணிக்கைகள் உருவாகி, ஒன்றிணைந்து களியாகும். அதை உலர்த்திச் சுமார் 450 பாகை செல்சியசில் சூடாக்க, நுண்தூள் கிடைக்கும். வெப்பம் மிஞ்சினால் துணிக்கைகள் ஒட்டிப் பெருத்துவிடும். பெற்ற மேற்பரப்பு வீணாகும்.

இவ்வொட்சைட்டாலான மின்வாயில் ஒளி விழச்செய்து நீரைப் பிரிக்கலாம் என 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹொண்டாவும் அறிவித்தனர். புறஊதா ஒளியில் இதன் தூள் நீரில் கலந்த சாயங்களையும் சிதைக்கும். ஆயினும், அத்தூளை நீரிலிருந்து மீண்டும் வடித்தெடுப்பது சிரமம். அதனால் கண்ணாடியில் படலமாகப் பூசியும் பயன்படுத்துகின்றனர்.

நமது புல்மோட்டை மணலிலுள்ள இல்மனைட்டில் இருப்பதும் இதே தைத்தேனியம்தான். மணலாகவே கப்பலேறும் அதை, சாயநீரைத் தூய்மையாக்கும் ஊக்கியாக மாற்றும் அறிவு நம் ஆய்வுகூடங்களிலும் வளர வேண்டும்.